பத்து நிமிடக் கெடு

மார்ச் 4, செவ்வாய்

இன்று நெட்வொர்க் வகுப்பில் என்னை நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சுவிட்ச் என்பது ஒரு தட்டையான பெட்டி. கட்டிடத்தில் இருக்கும் கணினி, போன் எல்லாவற்றின் வயரும் அதில்தான் வந்து சேரும். அதன் பக்கத்தில் போகாமலே, நம் மேசையிலிருந்தபடி அதற்குக் கட்டளை அனுப்பலாம். நான் எந்த வழியாக அதோடு பேசிக்கொண்டிருந்தேனோ, என் கட்டளை அந்த வழியையே அடைத்துவிட்டது. திரை உறைந்தது. தட்டினேன், தட்டினேன், பதிலே இல்லை.

டாக்ஸி அண்ணன் எட்டிப் பார்த்தார். பாதி ஆயுள் டாக்ஸி ஓட்டிவிட்டு இப்போது எங்களோடு படிக்கிறவர். "சாவியை உள்ள வச்சுட்டு கார் கதவைச் சாத்திட்டியே தங்கச்சி!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆசிரியர் எழுந்து போய், பெட்டியிலேயே நேரடியாக வயரைச் செருகிச் சரிசெய்துவிட்டு வந்தார். "இங்க பக்கத்து ரூம், நான் போயிட்டேன். வேலைக்குப் போனா அது வேற ஊர்ல இருக்கும்மா. யாரு ஓடுவா?"

மார்ச் 7, வெள்ளி

பயிற்சிக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கும் டாக்ஸி அண்ணனுக்கும் ஒரே இடம்: சின்னச் சின்ன கிளினிக்குகளை நடத்தும் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் அறை. ஆளுக்கொரு கிளினிக்கின் சுவிட்சை அங்கிருந்தபடியே தனியாக மாற்றியமைத்துக் காட்ட வேண்டும். அந்த அறையின் பொறுப்பாளர் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். கிளினிக்கின் லைன் விழுந்தால், அதாவது இணைப்பு அறுந்தால், கையெழுத்து கிடையாது. சான்றிதழும் கிடையாது. என் மகள் வாண்டுவைக் காலையில் அழ அழ விட்டுவிட்டு ஓடினதெல்லாம் – எதற்கு?

எனக்கு வந்திருப்பது குழந்தைகள் கிளினிக்.

பல் கிளினிக்கைக் கொடுத்திருக்கக் கூடாதா? பல்வலி கொஞ்சம் பொறுக்கும். இங்கே போன்கூட அந்த சுவிட்ச் வழியாகத்தான். நான் எதையோ தப்பாகத் தட்டுகிறேன். அதே நேரம் ஒருத்தி, காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போன் போடுகிறாள். மணியே அடிக்கவில்லை. அவள் முகம்கூட எனக்குத் தெரிகிறது. என் முகம்தான்.

வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "பயப்பட ஆள் கிடைக்கலன்னா நீயே ஒருத்தியை உண்டாக்கிடுவ" என்றார். வேடிக்கையாம்.

மார்ச் 9, ஞாயிறு

துணி காயப்போடும்போது ஞாபகம் வந்தது. ஆசிரியர் எப்போதோ போகிற போக்கில் சொன்னது. மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன்னால் பெட்டிக்கு ஒரு கெடு வைக்கலாம் – பத்து நிமிடத்தில் நீயாக அணைந்து நீயாக எழுந்திரு என்று. நாம் சொதப்பி வெளியே மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை. கெடு முடிந்து அது எழுந்திருக்கும்போது, சேமிக்காததை மறந்துவிட்டுப் பழைய அமைப்போடு எழுந்திருக்கும். எல்லாம் ஒழுங்காக முடிந்தால், சேமித்துவிட்டுக் கெடுவை ரத்து செய்துவிட வேண்டும்; இல்லையென்றால் சொன்னபடி அணைந்துவிடும். அவ்வளவுதான்.

எந்தப் பயந்தாங்கொள்ளி இதை யோசித்தானோ, நன்றாக இருக்கட்டும். நான் படித்து வாங்கிய தாவரவியல் பட்டத்தில் இந்த மாதிரி உபயோகமாக ஒன்றும் இல்லை. பால் பொங்குவதற்கும் இப்படி ஏதாவது இருந்தால் தேவலை.

மார்ச் 10, திங்கள்

நாளை. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

கெடு வைத்தேன். சின்ன மாற்றம்தான், செய்தேன். லைன் விழவில்லை! கிளினிக் வரவேற்பில் இருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாம் நல்லா ஓடுதும்மா" என்றார். சேமித்தேன். அடுத்தது ரத்து. விரலைக் கொண்டுபோகும்போது என் போன் அடித்தது. நாத்தனார். பகலில் எங்கள் வீட்டுக்கு வந்து வாண்டுவைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"பதறாம கேளு. உன் பொண்ணு மூக்குக்குள்ள பட்டாணியைப் போட்டுக்கிட்டா. எடுக்கப் போனா இன்னும் உள்ள போகுது. நீ கிளம்பி வா."

பதறாமலா? பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பொறுப்பாளரிடம் "குழந்தை" என்று மட்டும் சொன்னதாக ஞாபகம். வாசலிலேயே பஸ் நின்றது. ஏறிக் கம்பியைப் பிடித்தேன் – அய்யோ. கெடு. எடுக்கவே இல்லையே! டாக்ஸி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே! கெடு வச்சிருக்கேன், எடுக்காம வந்துட்டேன், மேடம்கிட்ட சொல்லுங்க, உடனே எடுக்கச் சொல்லுங்க!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ ஓடும் சத்தம். அப்புறம் டாக்ஸி அண்ணன் மெதுவாக, "விழுந்துடுச்சு தங்கச்சி."

பயந்து பயந்து நான் வைத்த காவலே என் கழுத்தைப் பிடித்துவிட்டது.

வீட்டுக்குப் போனால், பட்டாணி ஒரு தும்மலில் வெளியே வந்திருந்தது. வாண்டு அதைப் பரிசு மாதிரி என்னிடம் நீட்டினாள். "என் உயிரையே எடுத்துட்டா உன் பொண்ணு" என்று நாத்தனார் தரையில் சாய்ந்து கிடந்தார். நான் அழுதேன். பட்டாணிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் எவளாவது போன் போட்டிருப்பாளா?

மார்ச் 12, புதன்

பொறுப்பாளர் உட்காரச் சொல்லவில்லை.

"பெட்டி எழுந்து வர்ற வரைக்கும் அங்க போன் இல்ல. வந்தவங்க பேரைக் கையால எழுதியிருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அது உன் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்ல."

தலையாட்டினேன்.

"கெடு வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம். பயத்துல வச்சேன்."

"வச்சது பயம். சரி. எடுக்காம ஓடினது?"

அதுவும் பயம்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நீ பஸ்ல இருந்து கூப்பிட்டதாலதான் என்ன நடந்துச்சுன்னே எங்களுக்குத் தெரிஞ்சுது. இல்லேன்னா அரை நாள் தேடியிருப்போம். அதுக்காக இன்னும் ஒரே ஒரு தடவை. அடுத்த செவ்வாய், அதே கிளினிக், வேற மாற்றம். இனிமே விழுந்தா என்கிட்ட வராதே."

"அன்னைக்குப் போனை அணைச்சு வச்சிடவா மேடம்?"

"அது உன் பாடு. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. நான் அணைச்சதில்ல."

மார்ச் 15, சனி

செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அவசரம் இல்லாமல் கூப்பிட வேண்டாம் என்று நாத்தனாரிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். "அப்போ வீடு பத்தி எரிஞ்சா லெட்டர் போடவா?" என்றார். இவர் சிரித்தார். எனக்கு வீடு எரிவது கண்ணுக்குத் தெரிந்தது, ஜன்னல் திரையில் தொடங்கி.

மார்ச் 18, செவ்வாய்

போனை மேசைமேல், கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டேன். கெடு வைத்தேன்.

பாதி மாற்றத்தில் போன் அதிர ஆரம்பித்தது. நாத்தனார். நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவசரம் இல்லாமல் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேனே. அப்படியென்றால்?

டாக்ஸி அண்ணன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் எடுத்துக் கேக்கவா?"

வேண்டாம் என்று தலையசைத்தேன். காதில் விழுந்தால் எழுந்துவிடுவேன்.

மறுபடி.

மாற்றத்தை முடித்தேன். கிளினிக்கைக் கூப்பிட்டுச் சரிபார்த்தேன். சேமித்தேன். ரத்து செய்தேன். ரத்தாகிவிட்டது என்று திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அண்ணி! என்னாச்சு?"

"என்னாகும்? உப்பு எங்க வச்சிருக்க?"

மேல் தட்டில், இடது பக்கம் என்றேன். குரல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு நீட்டிய தாளை வாங்கப் போனபோதுதான் இன்னும் போனைக் காதில் வைத்திருப்பது தெரிந்தது. அவர் பார்த்தார்.

இவருக்கு ஒரே சந்தோஷம். வாண்டுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினார். நாத்தனார் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அத்தனை தடவை அடிச்சேனே, எங்க போயிருந்த?"

"போன் பைக்குள்ள இருந்துச்சு அண்ணி."