மிராசுதார் கையால் பொன்னாடை

புரட்டாசி 9, புதன்

காலையிலிருந்து மூட்டம். குறுவை அறுக்கிற நேரத்தில் இது வேண்டுமா?

ஆராய்ச்சிப் பண்ணையில் லீவு சொல்லியாயிற்று. சனிக்கிழமை கல்லூரியில் முன்னாள் மாணவர் விழா. புது நெல் ரகத்துக்காக எனக்குப் பொன்னாடை. போர்த்துவது சங்கத் தலைவர், அதாவது எங்கள் ஊர் மிராசுதார். அப்பா காலமெல்லாம் ஏர் ஓட்டியது அவர் நிலத்தில்தான். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழைப்பிதழை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டேன்.

வாங்க வேண்டியவை: அப்பாவுக்கு வேட்டி, துண்டு. தலைவலி மாத்திரை.

11, வெள்ளி

ஊருக்கு வந்தேன். ஆற்றுப் பாலம் வரை சிவப்புக் கொடி. மிராசுதார் வயலில் அறுவடை நிற்கிறது. கலம் நெல் அறுத்தால் அரைப்படி கூலி கூடுதலாகக் கேட்கிறார்கள். முன்னால் நிற்பது என் தம்பி. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு.

தம்பியிடம் கேட்டேன், மேடை ஏறலாமா என்று.

"ஒன் நெல்லாலதாண்ணே அவருக்கு வெளைச்சல் ரெட்டிப்பு. அதுலதான் அரைப்படி கேக்குறோம். போயி வாங்கிக்க. ஆனா கூலியப் பத்தி அங்க ஒரு வார்த்த சொல்லிட்டு வா."

அப்பா குறுக்கே: "ஒண்ணும் பேசாதடா. அவரு கையால ஒனக்குப் போடுறத நான் பாத்தாப் போதும்."

இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. அதுதான் எரிச்சல்.

12, சனி

மைக் கூவல். ரோஸ்மில்க். சாமந்தி மாலை, கழுத்தெல்லாம் அரிப்பு.

மிராசுதார் மேடைக்கு வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் உட்காரவில்லை. முதல் வரிசையில், புதுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே. "பெரியவரே, மறைக்குது, உக்காருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடைசி வரை நின்றார்.

மி. பேச்சு: "நம்ம பண்ணையில வளந்த புள்ள. இன்னிக்கு நம்ம பத்தாயத்துல நெல்லு நெறையுதுன்னா இவராலதான்."

இவர்! பிறந்ததிலிருந்து "டேய்" தான். நெஞ்சு குளிர்ந்துவிட்டது. குளிர்ந்ததற்காக என்மேலேயே கோபம். போர்த்தும்போது எட்டாமல் குதிகாலை உயர்த்தினார், பாவமாகக்கூட இருந்தது. என்னதான் நினைக்கிறேன் நான்?

என் முறை. தூர் எத்தனை, தழைச்சத்து எவ்வளவு என்று பேசித் தள்ளினேன். கூலி என்ற சொல் வாயில் வரவில்லை. பலத்த கைதட்டல்.

இறங்கும்போது மி. காதோரம், "தம்பிகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." தலையாட்டினேனா? ஆட்டினேன் போலிருக்கிறது.

வீட்டில் தம்பி எனக்குச் சோறு போட்டுவிட்டுப் படுக்கப் போனான். கூலியைப் பற்றிப் பேசினேனா என்று கேட்டிருக்கலாம்.

13, ஞாயிறு

தூறல். வெளியூர் ஆட்கள் லாரியில் வந்துவிட்டார்களாம். தம்பியும் தெரு ஆட்களும் வயலுக்கு ஓடியிருக்கிறார்கள். போலீஸும் வருகிறதாம்.

அப்பா என் பொன்னாடையை எடுத்துத் தோளில் போட்டார்.

"எங்க போறப்பா?"

"வயலுக்கு."

"அறுக்கவா? தம்பிகூட நிக்கவா?"

"நேத்து அங்க பூராப் பொழுதும் நின்னேன்ல. இன்னிக்கு நம்ம சனத்தோட நிக்கிறேன்."

மிராசுதார் வீட்டு முனையில் அப்பாவின் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். வாசலில் நின்று பார்த்தேன். முனை வந்தது. பொன்னாடை இறங்கவில்லை. ஜரிகை தெரியத் தெரிய நடந்து போய்விட்டார்.

நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மழை வலுக்கிறது. குடையைக் காணோம். போகட்டும், நனைந்துகொண்டே நானும் வயலுக்கு...