சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்

இல்லை, அக்கா. அடி எதுவும் படவில்லை. தலையில் இருப்பது கட்டும் இல்லை. உன் மகள் கயலின் மண்டை உருண்டையாக வளர்வதற்காக, சென்னையில் அளவெடுத்துச் செய்த ஹெல்மெட். வெளியே கெட்டி பிளாஸ்டிக், உள்ளே மெத்து. குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். தூக்கத்திலும்.

தெருவில் எல்லோரும் உன்னைப் போலத்தான் கேட்கிறார்கள். "உழுந்துட்டாளா?" பால்காரர் மட்டும் சிரிக்கிறார். "பாப்பா வண்டி ஓட்டப் போவுதா?" "ஆமா, லைசென்சு எடுத்தாச்சு" என்கிறார் அப்பா. இத்தனை வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. நான் உள்ளே போய்விடுகிறேன்.

ஏன் இந்த ஹெல்மெட்? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காது. எனக்கும்தான்.

நீ பிரசவத்தன்றே போய்விட்டாய். குழந்தை கீழ்பென்னாத்தூரில், உன் மாமியார் வீட்டிலேயே தங்கியது. நம் வீட்டில் அம்மா இல்லை. நான் சென்னையில், ஹாஸ்டல் அறையில், தனிமையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். "ஒத்த ஆம்பள, கைக்கொழந்தைய வெச்சிக்கினு என்னா பண்ணுவீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்கள். நியாயமாகத்தான் பட்டது.

பிறகு ஜோசியர் வந்தார். இந்த நட்சத்திரம் தாயைக் கொண்டுபோய்விட்டது, தகப்பனுக்கும் ஆகாது என்றார். மூன்று மாதம் தகப்பனான மாமா குழந்தையின் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. அதன் பிறகு எண்ணெயில் முகம் பார்த்தால் தோஷம் கழியும்.

அந்த வீடு உனக்குத் தெரியும். ஒரு கூடம், ஒரு அறை. மாமா கண்ணில் படாத இடம் என்று எதுவும் இல்லை. அதனால் உன் மாமியார் குழந்தையைச் சுவரோரம் படுக்க வைத்தார். முகம் சுவர்ப் பக்கம். திரும்பிவிடாமல் இருக்க முதுகுக்கு மடித்த புடவைகள். உன் புடவைகள். வேளைக்குப் பால் கொடுத்தார்கள். குளிப்பாட்டினார்கள். மறுபடியும் சுவர்ப் பக்கம்.

சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர். மூன்று மாதம் அவளுக்கு உலகம் அதுதான்.

எண்ணெயில் முகம் பார்க்கிற அன்று எங்களைக் கூப்பிட்டார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் நல்லெண்ணெய். குழந்தையை அதன் மேல் பிடித்தார்கள். மாமா எண்ணெயைக் குனிந்து பார்த்தார், அழுதார். "அப்பனையே உரிச்சி வெச்சிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். சடங்கு முடிந்து குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். பின்மண்டையின் வலப்பக்கம் என் உள்ளங்கையில் தட்டையாக உட்கார்ந்தது. பலகை மாதிரி. கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது.

அப்பாவும் தொட்டுப் பார்த்தார். "நாங்க எடுத்துட்டுப் போறோம்" என்றார். யாரும் தடுக்கவில்லை. ஒரு பேச்சுக்காவது தடுத்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது?

ஒரே பக்கமாகப் படுக்க வைத்ததால் வந்தது என்றார் டாக்டர். மண்டை இறுகுவதற்குள் சரிசெய்தால்தான் உண்டு. நான் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டோடு வந்துவிட்டேன்.

ஹெல்மெட் வந்த பிறகு ஒன்று தெரிந்தது. தலையைத் தடவாமல் ஒரு குழந்தையைத் தூங்க வைக்க நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. கை தானாக உச்சிக்குப் போகிறது. அங்கே பிளாஸ்டிக். புடவையில் ஏணை கட்டவும் கூடாது, கழுத்து மடங்கும், வேர்க்கும் என்றார்கள். கட்டியிருந்த உன் பச்சைப் புடவையை அவிழ்த்தேன். பாயில் விட்டால் அவள் முதலில் சுவரைத் தேடுகிறாள். பழக்கப்பட்ட பக்கம் திரும்பப் பார்க்கிறாள். ஹெல்மெட் உருள விடுவதில்லை. அழுகை.

உள்ளங்காலைத் தேய்த்தேன். புருவத்துக்கு நடுவில் விரலால் வருடினேன். எனக்குத் தெரிந்த தாலாட்டு எதுவும் இரண்டு வரியைத் தாண்டவில்லை. ஆனாலும் மெல்ல மெல்லத் தூங்கப் பழகினாள். அப்போதுதான் அப்பா, என்னிடம் சொல்லாமல், அவள் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டார்.

"சூடு எறங்கும்னுதாம்மா வெச்சேன். ஒங்க ரெண்டு பேருக்கும் நான்தானே வெப்பேன்."

எண்ணெயில் ஹெல்மெட் வழுக்கியது. காதோரம் உராய்ந்து புண்ணாயிற்று. ஆறும்வரை கழற்றி வைத்தோம். மறுபடி மாட்டிய நாளிலிருந்து பகலிலும் தூக்கம் இல்லை. அப்பாவைத் திட்டினேன். அவர் சாப்பிடாமல் வெளியே போனார். அன்பில் செய்வதையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்ய ஒருத்தி வேண்டியிருக்கிறது, அக்கா.

நேற்று பௌர்ணமி. மாமாவும் உன் மாமியாரும் கிரிவலத்துக்கு வந்தவர்கள், பொழுது இருக்கும்போதே நம் வீட்டுக்கு வந்தார்கள். கயல் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"அய்யய்ய, என்னா கோலம் இது! கழட்டு மொதல்ல" என்றார் உன் மாமியார். "பொட்டப் புள்ள. நாளைக்கு முடி வளந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

மாமா காதோரத் தழும்பைப் பார்த்தார். "புள்ளைய தூங்க வுடாத சாமான எதுக்கும்மா மாட்டி வெச்சிருக்க? எடுத்துடு. இல்லன்னா இவள நான் கூட்டிட்டுப் போறேன்."

அப்பா தரையைப் பார்த்தார். தகப்பன் கேட்டால் நாம் யார்?

"எங்க படுக்க வெப்பீங்க மாமா?" என்றேன். "சொவத்தோரமாவா?"

அவருக்குப் புரியவில்லை. உன் மாமியாருக்குப் புரிந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கயலைத் திருப்பி, ஹெல்மெட்டின் மேலேயே தட்டையான பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அதாலயா?" என்றார் மாமா. என்னைப் பார்த்து இல்லை. தன் அம்மாவைப் பார்த்து.

"என் புள்ள உசுரு எனக்குப் பெருசில்லியா?" அந்த அம்மாளுக்குக் குரல் உடைந்தது. "ஒரு சாவு உழுந்த வூடு. இன்னொண்ணும் உழணுமா? நீ சொல்லுடி, படிச்சவளே."

அவரை முழுதாக வெறுக்க என்னால் முடியவில்லை. அந்த வசதிகூட எனக்கில்லை.

"கழட்டறதுன்னா நீங்களே கழட்டுங்க மாமா" என்று குழந்தையை அவர் கையில் வைத்தேன். முகம் பார்த்த பிறகும் அவர் அவளைத் தூக்கியதே இல்லை. யாருக்கோ சொந்தமான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தார். ஹெல்மெட் அவர் தாடையில் இடித்தது. வாரை அவிழ்க்க விரலைக் கொண்டுபோனார். கயல் ஒரு நொடி அழுகையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். நேராக. விரல் அங்கேயே நின்றது.

பிறகு மறுபடியும் அழுதாள். அவர் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். தலையைத் தடவ வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கை முதுகிலேயே இருந்தது. அழுகை தேம்பலாயிற்று. பிறகு அதுவும் இல்லை. ஹெல்மெட்டோடு, தோளில் வாயைத் திறந்தபடி, தூங்கிவிட்டாள்.

"கெளம்புடா. கூட்டம் ஜாஸ்தியாயிடும்" என்றார் உன் மாமியார்.

"நீ போம்மா. நான் ஒக்காந்தா இவ எழுந்துப்பா."

அந்த அம்மாள் மட்டும் ஆட்டோ பிடித்துப் போனார். மாமா இருட்டும்வரை நின்றுகொண்டே இருந்தார். போகும்போது, "இருக்கட்டும். கழட்டாதீங்க" என்றார்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத மாட்டேன். அந்தத் தோள் இருந்தது, அக்கா. மூன்று மாதமும், அதே வீட்டில், பத்தடி தூரத்தில் இருந்தது. அன்றைக்கே அதில் சாய்த்திருந்தால் உன் பிள்ளைக்கு ஹெல்மெட் தேவைப்பட்டிருக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? சுவரிடமா?

நீ இருந்திருந்தால் என்று தொடங்கும் வாக்கியங்களை நான் முடிப்பதில்லை.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் பிறந்ததால்தான் நீ செத்தாய் என்று ஒருநாள் யாராவது அவளிடம் சொல்வார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். உனக்கு ரத்தம் நிற்கவில்லை, அவ்வளவுதான், எந்த நட்சத்திரமும் காரணம் இல்லை என்று. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

உன் மகளுக்குச் சித்தி,
உனக்கு என்றும் தங்கச்சி.

இதை மடித்து வைத்துவிட்டுக் கீழ்பென்னாத்தூருக்குப் போன் போட்டேன். மாமாதான் எடுத்தார். "ஞாயித்துக்கெழம மத்தியானம், அவளத் தூங்க வெக்கிற நேரத்துக்கு வாங்க" என்றேன். வைத்துவிட்டேன்.