திடலோரத்தில் போட்ட மூன்று இலை

அனுப்புநர்:
கருப்பாயி, காலஞ்சென்ற வீரமுத்துவின் மனைவி,
பால்வெட்டுத் தொழிலாளி, இரண்டாம் லயம்,
புக்கிட் செராய் தோட்டம், அலோர் காஜா.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
அலோர் காஜா, மலாக்கா.

பொருள்: தடுப்புக் காவலில் உள்ள என் தம்பி மாயாண்டியை விடுவிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய துரை அவர்களுக்கு,

1. ஜப்பான்காரர் காலத்தில் எங்கள் தோட்டத்து ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்து, அவர்களுடைய ஆட்கள் விமானம் ஓட்டப் பழகுவதற்கு ஒரு திடல் போட்டார்கள். செம்மண் சுமந்தவர்கள் நாங்கள். அங்கேதான் என் கணவர் காய்ச்சல் கண்டு இறந்தார். அன்று இறந்த இன்னும் இருவரோடு ஒரே குழியில், திடலோரமாகப் புதைத்தார்கள். அவ்விருவரும் வேறு தோட்டங்களிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

2. சண்டை முடிந்த பின் திடலை யாரும் சீந்தவில்லை. லாலான் புல் மண்டி மாடு மேய்ந்தது. தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படைக்கும் எங்கள் வழக்கப்படி, ஆண்டுதோறும் அங்கே மூன்று இலை போட்டு வந்தேன். ஒன்றாகக் கிடப்பவர்களில் ஒருவருக்கு மட்டும் சோறு வைத்துவிட்டு வர எனக்கு மனம் வந்ததில்லை.

3. காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகாதிருக்க, சமைத்த சோறு நாங்கள் குடியிருக்கும் லயத்து வேலியைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவு எனக்குத் தெரியும். செத்தவர் சோறு அதில் சேராது என்று நினைத்தது என் மடமை. இந்தத் தீபாவளிக்கு முதல் நாள், கால் வீங்கியிருந்த என்னைத் தம்பி போக விடவில்லை. "அக்கா, நீ நடக்க வேணாம், நானே போயி வச்சிட்டு வந்துர்றேன்லா" என்று கிளம்பினான். நானும் விட்டுவிட்டேன்.

4. திடலில் இப்போது பட்டாளத்தின் சிறு விமானங்கள் இறங்கிப் பழகுகின்றன. ரோந்து வந்தவர்கள் தம்பியைப் பிடித்தார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, சுருட்டு எல்லாம் மூன்று பேருக்கு இருந்ததால், காட்டிலுள்ள மூவருக்குக் கொண்டுபோனதாக எழுதிக்கொண்டார்களாம். அந்த மூவர் யார் என்று கேட்கிறார்களாம். தன் அத்தானான என் கணவர் பெயரைச் சொல்லியிருக்கிறான். மற்ற இருவர் பெயருக்கு அவன் எங்கே போவான்?

5. இன்றோடு பதினைந்து நாட்களாகின்றன. அவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். இங்கே பிறந்தவன், துரை அவர்களே. அங்கே அவனுக்கு யாருமில்லை. இங்கே எனக்கு அவனைத் தவிர யாருமில்லை.

6. சமைத்தவள் நான். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள். என் சொல்லை நம்ப இயலாவிட்டால், அந்தக் குழியைத் தோண்டிப் பார்க்க உத்தரவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இடத்தை நானே வந்து காட்டுகிறேன். மூவரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, தயவுசெய்து என் தம்பியை விட்டுவிடுங்கள்.

இடம்: புக்கிட் செராய் தோட்டம்
நாள்: 12.11.1951

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கருப்பாயி
(இடது பெருவிரல் ரேகை)

அவர் சொல்ல எழுதியவர்: தனபாலன், தோட்ட அலுவலகக் கிராணி