உனக்குத் திக்காத பாஷை

நேற்று மாலை விராலிமலையிலிருந்து வரும்போது பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். பாவாடை தாவணி, மடியில் புத்தகக் கட்டு. கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் ஒருத்தி சொன்னாள்: “கமீ கசை கயப் கபா கரு.” மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். மீசையைப் பார்க்கச் சொல்கிறாள் என்று தெரியாமல் அவர் டிக்கெட்டை நீட்டினார். எனக்குத் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். நான் போக வேண்டிய இடத்துக்கு இன்னும் ஆறு மைல் இருந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எங்கே போடுவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நாம் நாலாவது பாரம் படிக்கும்போது நீ புதுக்கோட்டைக்கு வந்தாய். திருவரங்குளத்துப் பக்கத்து ஊர்க்காரி, திக்குவாய். ஹாஸ்டலில் என் படுக்கைக்கு அடுத்தது உன் படுக்கை. என் அப்பா வெளியூரில் தாசில்தாராக இருந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன். வகுப்பில் உன் பேரை நீ சொல்லி முடிப்பதற்குள் எத்தனை விரல் மடங்குகிறது என்று பெஞ்சுக்கடியில் எண்ணுவோம். ‘கீறல் ரிக்கார்டு’ என்று உனக்குப் பேர் வைத்தோம். நீயும் சேர்ந்து சிரிப்பாய். வேறென்ன செய்வாய்?

எழுத்துக்கு எழுத்து முன்னால் ‘க’ போட்டுப் பேசும் பாஷையை வகுப்புக்குக் கொண்டுவந்தது நான்தான். ஒரு வாரத்தில் முப்பது பேரும் அதில் பேசினோம். டீச்சர்களுக்குப் புரியாது என்பதுதான் அதன் ருசி. தையல் டீச்சருக்கு ஒரு கால் குட்டை. அவர் வராந்தாவில் வரும்போது, “கநொண் கடி கவ கரு கது” என்று நான் ஆரம்பிப்பேன். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். நொண்டி வருது. டீச்சர் ஏதோ விளையாட்டு என்று நினைத்து, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருவார்.

நீ மட்டும் அதில் சேர்ந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, “நீயும் ஒருக்காப் பேசிப் பாரேன்டி” என்று உன்னைச் சீண்டினேன். நீ திணறுவதைப் பார்க்கத்தான் கேட்டேன். நீ ‘க’ போட்டு ஆரம்பித்தாய். நிற்கவே இல்லை. உங்கள் வீட்டு எருமை குளத்தில் இறங்கி ஏற மறுத்தது, உன் தம்பி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அழுதது என்று ஒரு கதை முழுவதும் சொன்னாய். நீ இவ்வளவு சிரிக்கச் சிரிக்கப் பேசுவாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எப்புடிடி?” என்று கேட்டேன்.

‘க’ முன்னாடியே வந்து நிக்குது, அதைப் புடிச்சுக்கிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவிடுறேன் என்று அந்தப் பாஷையிலேயே சொன்னாய். துணியை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். யாரிடமும் சொல்லாதே என்றாய். மறுநாள் காலையில் வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நீ சாதாரணமாகப் பேசினால் யாரும் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். தண்ணீர் கேட்பதானாலும் ‘க’ போட்டுத்தான் கேட்க வேண்டும். நீ கேட்டாய். உனக்கு அது தண்டனையாகவே படவில்லை.

ஐந்தாவது பாரத்தில் தையல் டீச்சருக்கு அந்த வார்த்தை புரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ தெரியாது. அன்றைக்கு அவர் வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்று அழுதார். சற்று நேரத்தில் பெரிய டீச்சர் வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெஞ்சு பெஞ்சாக எழுப்பி, “ஆரம்பிச்சது யாரு?” என்று கேட்டார். எல்லோரும் “தெரியாது டீச்சர்” என்றோம். நானும் அதையேதான் சொன்னேன்.

உன் முறை வந்தது. “தெ… தெ…” என்று நின்றுவிட்டாய். உன் கழுத்து நரம்பு புடைத்தது.

“பதறாமச் சொல்லு. நீயா?”

நீ என்னைப் பார்த்தாய். நான் ஜன்னலைப் பார்த்தேன். நீ மூச்சை இழுத்து, தெளிவாகச் சொன்னாய்: “கநான் கஇல் கல கடீச் கசர்.”

வகுப்பு சிரித்தது. நான் இல்ல டீச்சர் என்று நீ சொன்னது முப்பது பேருக்கும் புரிந்தது. பெரிய டீச்சருக்கு மட்டும் புரியவில்லை.

“இந்தப் பாஷையெல்லாம் இவதானா?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

“இவதான் டீச்சர் எல்லாரையும் விட நல்லாப் பேசுவா.”

சொன்னது நான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் உன் அப்பா வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரிய டீச்சர் முன்னால் நின்றார். நாங்கள் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டோம்.

“இதுக்குப் பேச்சே சரியா வராதுங்க டீச்சரம்மா.”

“இங்க தடையில்லாமத்தான் பேசுது. நானே என் காதால கேட்டேன்.”

அவர் உன் பக்கம் திரும்பினார். “கோயில் கோயிலா ஒன்னையத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேனே. இம்புட்டு நாளும் எங்ககிட்ட நடிச்சியா?”

நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய். அவர் பொறுத்துத்தான் நின்றார். “ந… ந…” அதற்கு மேல் வரவில்லை.

“பாருங்க, இப்பவும் நடிக்குது” என்று சொல்லி ஓங்கி அறைந்தார். இரண்டாவது அறையில் நீ வாயை மூடிக்கொண்டாய். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போக, நீ பின்னால் போனாய். அந்தப் பாஷையை நாங்கள் நான்கு நாள் நிறுத்திவைத்தோம். பிறகு மறுபடியும் பேசினோம்.

ஐந்தாறு வருடம் கழித்து விராலிமலையில் உன்னைப் பார்த்தேன். எனக்கு அங்கே யூனியன் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. நீ இடுப்பில் பெண் குழந்தையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாய். “நல்லாருக்கியா?” என்றேன். தலையை மட்டும் ஆட்டினாய்.

பக்கத்தில் நின்ற உன் மாமியார்தான் பேசினார். “அது பேசாது தாயி. வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை இல்ல. ஆனா வேலையில கெட்டி. அங்கிட்டு நெழலுக்கு வாங்க, நின்னு பேசுவோம்.”

உன்னை உற்றுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆபீசுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அதே மாமியார் ஒரு கையெழுத்துக்காக ஆபீசுக்கு வந்திருந்தார். நான் விசாரித்ததும் அழுதார். “ஆறு நாளு வகுத்து வலியோட எல்லா வேலையும் பாத்துச்சு தாயி. வலிக்குதுன்னு கூடக் காமிக்கல. ஏழாம் நாளு ஆசுபத்திரிக்கித் தூக்கிக்கிட்டு ஓடுனோம். லேட்டாயிருச்சுன்னுட்டாங்க.”

அந்த வாரமே பெரிய டீச்சரைத் தேடிப் போனேன். ரிட்டையராகி வீட்டில் இருந்தார். தையல் டீச்சரைக் கேலி செய்தது நான்தான், நீ இல்லை என்று சொன்னேன்.

“அன்னைக்கே தெரியும்” என்றார்.

“பின்ன ஏன் டீச்சர்?”

“உங்கப்பா தாசில்தாரு. நீ பரீட்சையில ஸ்கூலுக்குப் பேரு வாங்கித் தர்ற பிள்ளை. டீச்சர் அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. யாரையாச்சும் அனுப்பியாகணும்ல. அது எதுத்துப் பேசாது.” பிறகு, “காப்பி ஆறுது, குடி” என்றார்.

குடித்தேன். அவர் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உன்னைக் கொன்றது நான் மட்டும் இல்லை, இவரும்தான் என்று நெஞ்சில் ஒரு ஆறுதல் இறங்கியது. செய்தி கேட்ட நாளிலிருந்து வராத தூக்கம் அன்றைக்கு வந்தது. அயர்ந்து தூங்கினேன். உன் முகம் இப்போதெல்லாம் சரியாக நினைவுக்கு வருவதில்லை. அந்த ஆறுதல்தான் அப்படியே இருக்கிறது.