ஊர் சுற்றும் கயிறு

1958 மார்ச் 12, புதன்.

நேற்று ரிச்மண்ட் டவுன் கட்டடத்தில் சாரத்தை ஆட்டிப் பார்த்தேன். புதுக் கயிறு, இறுக்கமான கட்டு. கான்ட்ராக்டரைப் பாராட்டிவிட்டு வேறு வந்தேன்.

இன்று மதியம் அல்சூர் பக்கம் போனவன், நாளை நான் சோதிக்க வேண்டிய, அதே கான்ட்ராக்டரின் இன்னொரு கட்டடத்துக்குள் சும்மா நுழைந்தேன். மூன்றாவது மாடிச் சாரத்தை இற்றுப்போன பழங்கயிற்றால் கட்டியிருந்தார்கள். கலவைச் சட்டியோடு அதில் ஏறப்போன சித்தாள் என்னைக் கண்டு பதறினாள்.

“நாளைக்குத்தானே சார் இன்ஸ்பெக்‌ஷன்? ரிச்மண்ட் டவுன்லேர்ந்து கயிறு இன்னும் வரலியே!”

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். மேலதிகாரி கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஏன்ரீ, நோட்டீஸ் குடுக்காம யாரு உங்கள உள்ள போகச் சொன்னது?”

என் உத்தரவை அங்கேயே ரத்து செய்துவிட்டார். நாளை முறைப்படி போக வேண்டுமாம். போவேன். கயிறு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். சாரத்தை ஆட்டிப் பார்ப்பேன், அசையாது. கையெழுத்துப் போட்டாக வேண்டும். சாயங்காலமே கயிற்றை அவிழ்த்து அடுத்த கட்டடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் கீழே நிற்கிற அந்த அரை மணி நேரம் அவள் விழமாட்டாள். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.