குண்டு போனது, மிளகு வந்தது

ஐப்பசி 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். எதிர்மேடு தெரியாத அளவுக்கு மூடுபனி. துணி காயவில்லை. காயாவிட்டால் போகட்டும், இன்றைக்கு யாருக்குக் கவலை!

ஸ்டேஷனிலிருந்து போன். லைசென்ஸ் விசாரணைக்குத் திங்கட்கிழமை வீட்டுக்கே வருகிறார்களாம். என் பேரில் துப்பாக்கி லைசென்ஸ்! மணிமேகலை, க/பெ சின்னராசு. எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பா போனதிலிருந்து அவருடைய நாட்டுத் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கிறது. லைசென்ஸ் வைத்திருந்த ஆள் இறந்தால் ஒப்படைத்துவிட வேண்டும், வாரிசு புதிதாக மனுப் போட வேண்டும். வாரிசு நான் ஒருத்திதான். பன்றிகளுக்கு இதெல்லாம் எப்படியோ தெரிந்துவிட்டது. நேற்றும் கீழ்க்காட்டில் மரவள்ளி ஒரு பாத்தி காலி. தின்றதைவிட மிதித்தது அதிகம். இவர் தட்டைத் தட்டி விரட்டப் போனார். பன்றி நின்று கேட்டுவிட்டு மறுபடி தின்றதாம். இதைச் சிரித்துக்கொண்டே வந்து சொல்கிறார், என் வீட்டுக்காரர்!

அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் போதும், வாரக்கணக்கில் அந்தப் பக்கம் தலைகாட்டாது. இந்த வருஷமும் கிழங்கு போனால் அடுத்த வருஷம் நட விதைக்குச்சிகூட மிஞ்சாது. லைசென்ஸ் வந்தே ஆக வேண்டும்.

"வந்தா நீயே சுட்டுக்கோ சாமி. எனக்குச் சத்தம் ஆவாது" என்கிறார் இவர். எங்கள் கல்யாணத்தில் வேட்டுக்குக் காதைப் பொத்திய மாப்பிள்ளை.

செய்ய வேண்டியது: பட்டா நகல். பன்றி தோண்டிய இடம் போட்டோ. பரண் சுத்தம். விளிம்பு உடையாத டம்ளர்.

ஐப்பசி 7, வெள்ளி

மழை விட்டது. பரண் ஏறினேன். எலிப்புழுக்கை, பழைய சாக்கு, அப்பாவின் ஒற்றைச் செருப்பு. மூலையில் மூடி நசுங்கிய பிஸ்கட் டப்பா. தூக்கினால் கனம்! திறந்தால் ஈயக் குண்டுகள். அப்பா தன் கையால் உருக்கி ஊற்றியவை. துப்பாக்கியை ஒப்படைத்த அன்றைக்கு இது கண்ணில் படவே இல்லை.

கொஞ்சம் அழுதேன். அப்புறம் ஒரு குண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அப்பாவுக்கு எதையும் அளவாகச் செய்ய வராது. குழம்புக்கு உப்புப் போட்டாலும் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து சடையப்பன் மச்சான் கயிறு கேட்டு வந்தார். அத்தை மகன். அவருக்கும் காட்டுக் காவலுக்குத் துப்பாக்கி உண்டு, லைசென்ஸும் உண்டு. டப்பாவைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"மாமன் ஊத்துன குண்டா! சும்மாதான கெடக்குது, எனக்குக் குடு கண்ணு. உனக்குத் துப்பாக்கி வர்றப்ப வேற பாத்துக்கலாம்."

அப்பா இருந்தாலும் கொடுத்திருப்பார். டப்பாவோடு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இவர் மட்டும், "யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார். யாரைக் கேட்பது? பன்றியையா?

ஐப்பசி 8, சனி

நல்ல வெயில். துணி காய்ந்தது.

டப்பா திரும்பி வந்துவிட்டது. விளிம்பு வரை மிளகு! எங்கள் பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஒரு பிடி சாமையாவது, ஒரு பலாச்சுளையாவது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கைப்பிடி உப்பாவது உள்ளே கிடக்க வேண்டும். வெறும் பாத்திரம் அனுப்பினால் உறவும் அத்தோடு சரி என்று அர்த்தம். ஆனாலும் மிளகு விளைகிற வீட்டுக்கே மிளகு! மச்சானின் மூளையே தனி. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இவர் சோளக்காட்டுச் சந்தைக்கு வாழைத்தார் கொண்டுபோனார். அங்கே டீக்கடையில் மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டு ஆள் ஒருவன் ஒவ்வொருவராக விசாரித்தானாம்: "ஏனுங்க, நாட்டுத் துப்பாக்கிக்குக் குண்டு யாராச்சும் விப்பாங்களா? நல்ல வெலை குடுக்கறேன்." இவர் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். நல்ல வேலை செய்தார். முன்பின் தெரியாதவனுக்கு விற்பதாவது! நம் வீடு என்ன கடையா? நாம் கொடுத்தது சொந்த மச்சானுக்கு, அதுவும் லைசென்ஸ் உள்ளவருக்கு. எனக்கே என்னை நினைத்துப் பெருமை.

ஐப்பசி 9, ஞாயிறு

வீடு மெழுகியாயிற்று. பட்டா நகல் தயார். டம்ளர் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டில் வாங்கினேன். (திருப்பும்போது ஏதாவது போட்டு அனுப்ப வேண்டும். மறக்காதே.)

கண்ணாடி முன்னால் துடைப்பத்தைத் தோளில் வைத்துக் குறி பார்த்தேன். இவர் பார்த்துவிட்டார். "ஐயோ சுட்டுராத தாயி!" என்று கையைத் தூக்கினார். மானம் போயிற்று.

ஐப்பசி 10, திங்கள்

என் வாயை ஊசியால் தைக்க வேண்டும்.

வந்தது ஏட்டம்மா. அடிவாரத்துக்காரர், சின்ன வயசு, நல்ல மாதிரி. கிழங்குக் காட்டைச் சுற்றிப் பார்த்தார், பன்றிக் காலடியைத் தானே போட்டோ எடுத்தார். "எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் பொம்பளை பேருல லைசென்ஸ் கேக்கறது நீங்கதானுங்க முதல் ஆளு" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. காப்பி கொடுத்தேன். பேச்சு கொடுத்தேன். கொடுக்கக் கூடாததையும் கொடுத்தேன்.

நான்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை! சோளக்காட்டில் ஒருவன் குண்டு கேட்டான், நாங்கள் அந்த மாதிரி ஆள் இல்லை, எங்கள் அப்பா செய்த குண்டைக்கூடச் சொந்த மச்சானுக்குத்தான் கொடுத்தேன், பாருங்கள் அவரும் வெறும் டப்பாவாகத் தரவில்லை என்று மிளகைத் திறந்து வேறு காட்டினேன். "ஒரு பிடி எடுத்துக்கங்க" என்றும் சொன்னேன்.

ஏட்டம்மாவின் பேனா நின்றது.

"அக்கா, இது வித்த கணக்குங்க."

"விக்கலீங்க. குடுத்தேன்."

"குண்டு போச்சு, மிளகு வந்துச்சு. மிளகு விக்கிற வெலைக்கு அதை வேற என்னன்னு எழுதறது? சரி, சும்மாவே குடுத்தீங்கன்னு வைங்க. குடுத்தாலும் அதே சட்டந்தானுங்க."

பொறுமையாகத்தான் சொன்னார். லைசென்ஸ் உள்ளவர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற குண்டை, லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம், கொடுக்கலாம். ஆனால் முன்கூட்டியே ஸ்டேஷனுக்கோ கலெக்டருக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும். அப்புறம்தான் கை மாறலாம். வீட்டில் செய்த குண்டை விற்பதென்றால் பேச்சே இல்லை. அதற்குச் செய்து விற்கிறவர்களுக்கான லைசென்ஸே தனி.

"உங்ககிட்ட எந்த லைசென்ஸும் இல்லீங்க. கெடைச்ச அன்னைக்கே ஸ்டேஷனுக்கு வந்திருக்கோணும். உங்க பொருளே இல்லாததை நீங்க எப்படீங்க குடுத்தீங்க?"

அப்பா செய்தது என் பொருள் இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

"நான் இதை எழுதுனா உங்க மனு போச்சு. எழுதாட்டி என் வேலை போச்சு. புதன்கிழமை காலைல அத்தனையும் எடுத்துட்டு நீங்களே வந்து எஸ்.ஐ. அய்யாகிட்டச் சொல்லீருங்க. அதுதான் உங்களுக்கும் நல்லது, அந்த அண்ணனுக்கும் நல்லது."

காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்குக் கத்துகிறது.

ஐப்பசி 11, செவ்வாய்

மறுபடி மழை. மிளகு டப்பாவோடு மச்சான் வீட்டுக்கு ஓடினேன்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறியா? மாமன் இருந்தா இப்படிக் கேப்பாரா?" எகிறிக் குதித்தார். நானும் விடவில்லை. நடந்ததைச் சொன்னேன். "நீயே சொன்னியா! நீயே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது, அவருடைய லைசென்ஸும் இதில் மாட்டியிருக்கிறது என்று. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல காலம், ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எல்லாம் துணிப்பையில் அப்படியே இருந்தன. டப்பாவிலிருந்த மிளகை அவர் வீட்டு முறத்தில் கொட்டினேன். குண்டை டப்பாவில் போட்டேன். ஒரு மிளகுகூட ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் போட்டேன். இதைப் பார்த்து மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மொளகு தந்தது ஒரு குத்தமா கண்ணு?"

"தப்பு உங்க மேல இல்லீங்க மச்சான். என் வாய் மேல."

நாளைக்குக் கூட வருகிறாராம். லைசென்ஸ் போனால் என்ன செய்வது என்று இவரைக் கேட்டேன். "பெரிய தட்டாப் பாத்து வாங்குவோம்" என்றார். அடிக்கலாம் போல இருந்தது. சிரிப்பும் வந்தது.

ஐப்பசி 12, புதன்

முதல் பஸ். செம்மேடு ஸ்டேஷன்.

எஸ்.ஐ. டப்பாவைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வித்தியா, குடுத்தியாம்மா?"

ஏட்டம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். குடுத்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மச்சான்கூட முழங்கையால் இடித்தார்.

"குடுத்தேனுங்க அய்யா. மிளகு வந்துச்சு. அதை நேத்துத் திருப்பிக் குடுத்துட்டேன். தப்புன்னு தெரியாதுங்க. தெரிஞ்சதும் வந்துட்டோம்."

மழை மாதிரி திட்டு. எனக்கொரு சுற்று, மச்சானுக்கு ரெண்டு சுற்று. லைசென்ஸ் புத்தகத்தை ஒரு நாளாவது பிரித்துப் படித்தாயா என்று அவரைக் கேட்டார். "படம் பாத்தேனுங்க" என்றார் மச்சான், தன் போட்டோவைச் சொல்கிறார்! நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

எழுதிக் கொடுத்தோம். குண்டுகளை நிறுத்துக் கட்டி முத்திரை வைத்தார்கள். அப்பாவின் குண்டு.

எஸ்.ஐ.: "நடந்ததை அப்படியே எழுதுவேன். தானா கொண்டாந்து ஒப்படைச்சாங்கன்னும் எழுதுவேன். மேல என்ன முடிவு எடுப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது."

கிளம்பும்போது ஏட்டம்மா வெறும் டப்பாவை நீட்டினார். என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் எடுத்து உள்ளே போடப் போனார்.

"ஏட்டம்மா! அது எந்தக் கணக்குல வரும்?" எஸ்.ஐ. நாற்காலியிலிருந்தே கேட்டார்.

மிட்டாய் பைக்குள் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. பஸ்ஸில் வெறும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி 13, வியாழன்

வெயில்!! ஏட்டம்மா போன் செய்தார். லைசென்ஸ் கொடுக்கலாம் என்று எஸ்.ஐ. எழுதி மேலே அனுப்பிவிட்டாராம்! நேர்காணலுக்கு மலைக்குக் கீழே கலெக்டர் ஆபீசுக்குக் கூப்பிடுவார்களாம். மச்சானுக்கு எச்சரிக்கையோடு சரி. லைசென்ஸ் வந்தால் குண்டு லைசென்ஸ் கடையில்தான் வாங்க வேண்டும், ஒரு குண்டுகூட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நூறு தடவை சொன்னார். நூறு தடவையும் சரிங்க என்றேன். போனை வைத்ததும் ஆடினேன். இவரையும் பிடித்து ஆட்டினேன்.

பக்கத்து வீட்டு டம்ளரில் சர்க்கரை போட்டுத் திருப்பினேன்.

வெயில் இறங்கும் நேரம் கீழ்க்காட்டில் உறுமல். தாய்ப்பன்றியும் குட்டிகளும், விசாரணை முடிந்தது தெரியாமல். தட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. கையில் அகப்பட்டது அப்பாவின் டப்பா. கரண்டியால் ஓங்கி அடித்தேன். என்ன சத்தம்! மலையே திரும்பிக் கத்துகிறது. பன்றி குட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். இவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து கத்துகிறார், "அதுக்குள்ள துப்பாக்கி வந்துருச்சா?"

உள்ளே ஏதாவது இருந்திருந்தால் இந்தச் சத்தம் வந்திருக்காது. இருங்கடி, லைசென்ஸோடு வாரேன்.