பலகையில் ஒரு சுழி

அக்கா,

இதனால் குவார்ட்டர்ஸ்வாழ் பெருமக்கள் அனைவருக்கும், குறிப்பாக இப்போது இங்கே இல்லாத உனக்கும், தெரிவித்துக்கொள்வது யாதெனில்: மனமகிழ் மன்றத்தின் வாசல் பலகைக்கு இன்று காலை புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டுவிட்டது. பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து. செயலாளர் நேரில் நின்று மேற்பார்வை பார்த்தார். சுதந்திர தினத்தன்று கொடிக்கு முன்னால்கூட அவர் அவ்வளவு விறைப்பாக நின்று நான் பார்த்ததில்லை. ஈரம் காயும்வரை ஆண்கள் பலகையைத் தொட வேண்டாம். காய்ந்த பிறகும் பெண்கள் தொட வேண்டாம். செய்திகள் முடிந்தன.

டியூஷனுக்குப் போகிற வழியில் டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறியது. சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். ஊருக்கு அது பெயிண்ட் வாசனை. எனக்கு அது நீ மாடிப்படி ஏறிவருகிற வாசனை. மற்ற வீட்டு அக்காக்கள் மல்லிகைப்பூ மணக்கப் போவார்கள். நீ ஓவியக் கல்லூரியிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து ஆவடியில் இறங்கி, நம் பிளாக்குக்குள் நுழையும்போதே எங்கம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்: "பெயிண்டுக் கடை வந்துகினு கீது பாரு."

அந்தப் பலகை இரண்டு தடவை புதுப்பிக்கப்பட்டதற்கும் மூலகாரணம் அடியேன்தான் என்பது ஆவடி அறிந்த ரகசியம். உனக்கும் தெரியும். இருந்தாலும் என் புகழை நானே பாடாவிட்டால் வேறு யார் பாடுவார்கள்? பிளஸ் டூ மார்க் ஷீட்டா பாடப்போகிறது?

முதலில் அதில் 'ஆண்கள் மட்டும்' என்றுதான் இருந்தது. ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து சைரன் ஊதினால் நம் பிளாக்கின் அப்பாக்கள் எல்லாம் வீட்டில் முகம் கழுவிவிட்டு நேராக அங்கே போய்விடுவார்கள். கேரம், ரம்மி, பேப்பர், கலர் டிவி, சாய்வு நாற்காலி. மனமகிழ் மன்றம் என்று பெயர். நான் அதற்கு 'மனை மகிழா மன்றம்' என்று பெயர் வைத்தபோது நீ தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். அப்புறம் கேட்டாய்.

"டேய் வாலு, உள்ள அப்படி இன்னாதான்டா கீது?"

"ஒண்ணுமில்லக்கா. சேரு, ஃபேனு. அப்பாங்க கால நீட்டிக்கினு உக்காந்துகினு கீறாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

நீ குடத்தை எடுக்கவில்லை. "எங்கம்மா கால நீட்டி உக்காந்து நான் பாத்ததே இல்லடா" என்றாய். நம் வீடுகள் எல்லாம் ஒரே அச்சுதானே, அக்கா. முன்னறையில் அப்பா இருப்பார், அப்பா இல்லாதபோது அப்பாவின் நண்பர்கள் இருப்பார்கள். அம்மாக்களுக்கு அடுப்படி. அங்கே காலை நீட்டினால் சுவர் இடிக்கும்.

அந்த வருடம் ஆண்டு விழா வந்தது. ஆண்டு என்ற சொல்லிலேயே ஆண்தான் முன்னால் நிற்கிறான், கடைசி 'டு'வைக் கழற்றிவிட்டால் அது வெறும் ஆண் விழா என்று நான் சொன்னேன். நீ அதற்குச் சிரிக்கவில்லை. "அந்த 'டு' ரொம்ப முக்கியம்டா" என்று மட்டும் சொன்னாய்.

சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டு அறையைக் கண்காட்சிக்காகக் கேட்டாய். மயிலும் தாமரையும் வரையப்போகிறாய் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். நீ வாசலில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினாய். பக்கத்தில் மன்றத்துப் பலகையைப் போலவே, அதே பச்சையில், அதே வெள்ளை எழுத்தில் ஒன்றை மாட்டினாய்: 'பெண்களுக்கு மட்டும்.'

உள்ளே போன அம்மாக்கள் வெளியே வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். உன் அம்மா வெகுநேரம் வரவே இல்லை. என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எங்கம்மா, என் ஹோம் ஒர்க் விவகாரத்தைக்கூடத் தெருவுக்கே ஒலிபரப்புகிறவள், "போய் வேலயப் பாருடா" என்றாள்.

எனக்குத் தாங்குமா? என் தங்கையின் தாவணியைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் ரோஜாவைக் காதோரம் செருகிக்கொண்டு, வராண்டாவில் ஒரு ஜன்னல் ஓரமாக நின்று இடுப்பைச் சரிசெய்துவிட்டு, ஒய்யாரமாக வந்தேன். திரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த நீ, மேலும் கீழும் பார்த்தாய்.

"பேரு இன்னாம்மா?"

"செல்வி" என்றேன், குரலைக் கீச்சாக்கி.

"செல்வி, மீசைய ஊட்ல வுட்டுட்டு வா. உள்ள விடறேன்."

அதற்குள் வராண்டாவில் அப்பாக்கள் கூடிவிட்டார்கள். "எம் பொண்டாட்டி உள்ள போய் எம்மா நேரம் ஆவுது தெரியுமா? ஊட்டுச் சாவி அவகிட்ட கீது!" என்றார் ஒருவர். "என்ன கண்றாவியை மாட்டி வச்சிருக்காளோ" என்றார் இன்னொருவர். செயலாளர் சட்டம் படித்தவர் இல்லை, ஆனால் சட்டம் பேசுவார். "பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டுவது குற்றம். அரசியல் சட்டம், பதினைந்தாவது பிரிவு" என்று வராண்டாவே அதிர அறிவித்துவிட்டு மனு எழுதப் போனார். 'ஆண்கள் மட்டும்' பலகையைத் தினமும் தாண்டி உள்ளே போகிற மனிதர், அக்கா. ஒரே நாளில் பாகுபாட்டின் வலி அவருக்குப் புரிந்துவிட்டது.

விசாரணைக்கு ஃபேக்டரியின் நல அதிகாரி வந்தார். எங்கே வைத்தார்கள் விசாரணையை? மன்றத்துக்குள். நீ உள்ளே வர முடியாது. அதனால் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை பற்றிய அந்த விசாரணையில், அதிகாரி ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்க, நீ வெயிலில் நின்று ஜன்னல் கம்பி வழியாகப் பதில் சொன்னாய். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் உள்ளே இருந்தேன். மீசை இருந்ததே, அனுமதிச் சீட்டு.

"அதே பதினஞ்சுல மூணாவது உட்பிரிவு ஒண்ணு இருக்கு சார். பெண்களுக்குன்னு தனியா ஏற்பாடு செய்யலாம்னு சொல்லுது" என்றாய்.

"அது அரசாங்கம் செய்றதுக்கும்மா. நீ அரசாங்கமா?"

"இவங்க சொல்ற முதல் உட்பிரிவும் அரசாங்கத்தப் பாத்துதான் சார் பேசுது. அப்ப மட்டும் நான் அரசாங்கமா?"

அதிகாரி டீயைக் குடித்தார். செயலாளர் எழுந்து, "சட்டத்தின் முன் எல்லோரும் சமம்!" என்று மேசையைத் தட்டினார். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சட்டத்துக்கு முன்னாடி நீங்க எல்லாரும் சமமாத்தான் சார் நின்னீங்க. நான் பாத்தேனே." உனக்கு வெயில் ஏறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

தீர்ப்பு: எல்லோருக்கும் திற, இல்லாவிட்டால் கழற்று. மன்றத்துப் பலகை என்று நீ ஆரம்பித்தபோது, அது மனுவில் இல்லை என்றார்கள். நீ திறக்கவில்லை. கழற்றினாய். உன் அம்மாவுக்கு அந்த அறை ஒரு சாயங்காலம்தான் கிடைத்தது.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போன அப்பாக்கள் மன்றத்து வாசலில் சைக்கிளை நிறுத்தினார்கள். 'டு'வின் சுழியை யாரோ பிளேடால் அழகாகச் சுரண்டியிருந்தார்கள். சுழி போனால் 'டு' வெறும் 'ட'. பலகை சொன்னது: 'ஆண்கள் மட்டம்.'

யாரோ என்ன யாரோ. "மச்சான், நீயாடா?" என்று பசங்கள் ஓடிவந்தார்கள். "வேற எவனுக்கு மாமே இந்த மூள வரும்?" என்றேன். அன்று முதல் நான் ஆவடியின் முடிசூடா மன்னன். சாயங்காலம் அப்பா பெல்ட்டால் முடிசூட்டினார். நொண்டிக்கொண்டு மாடிப்படி ஏறியபோது நீ இறங்கிவந்தாய். நின்று, என் காலைப் பார்த்து, "வலிக்குதாடா, கலைஞனே?" என்றாய்.

பலகையை மாற்றி எழுதினார்கள். ஆண்கள் என்ற சொல்லே இல்லை. 'உறுப்பினர்கள் மட்டும்.' இப்போது பாகுபாடே கிடையாது, சட்டப்படி சுத்தம் என்றார் செயலாளர். உள்ளே அதே ஆட்கள், அதே நாற்காலி, அதே ரம்மி. "பாத்தியாடா, சொல்ல மாத்திட்டா போதும், ஆள மாத்த வேணாம்" என்றாய். உறுப்பினர் ஆவது எப்படி என்று கேட்டாய். இருக்கிற உறுப்பினர்கள் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். கூட்டம் போட்டார்கள். ஒரு கைகூட எழும்பவில்லை. உன் அப்பாவும் ஓர் உறுப்பினர்தான். அவர் கையும் மடியிலேயே இருந்தது.

மழைக்காலத்தில் உனக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது என்றார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விளையாட்டு வார்த்தை ஒன்றும் வரவில்லை.

உனக்கு இரங்கல் கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? மன்றத்தில். உன் போட்டோவுக்கு மரச் சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி, கேரம் போர்டைச் சுவரோரம் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வைத்தார்கள். அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போன முதல் பெண் நீதான், அக்கா. அதற்கு நீ செத்துப்போக வேண்டியிருந்தது. "நம் மன்றத்தின் செல்ல மகள்" என்று செயலாளர் குரல் தழுதழுக்கப் பேசினார். உன் அப்பா காலை மடக்கி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். உன் அம்மா வாசலுக்கு வந்தபோது ஒருவர் எழுந்துபோய், "நீங்க இங்கயே இருங்கம்மா, உள்ள மெம்பருங்க மட்டும்தான், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று மரியாதையாகச் சொன்னார். ரொம்ப மரியாதையாக. என்னை அழைத்து, அம்மாவுக்கு வெளியே ஒரு நாற்காலி போடச் சொன்னார். போட்டேன். உன் அம்மா அதில் உட்காரவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட எங்கம்மாவும் மற்ற அம்மாக்களும் நின்றார்கள்.

நான் அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. எங்கம்மாவிடம் கேட்டேன்: "இப்பவாவது சொல்லும்மா. அன்னிக்கு அந்த ரூம்ல இன்னா இருந்துச்சு?"

"இன்னா இருந்துச்சு. நாலு சேரு. இங்க கீதே, அதே மாரி சாஞ்சி உக்கார்ற சேரு. ஒரு ஃபேனு. வராண்டா பக்கம் ஜன்னல்ல கொசுவலத் துணி கட்டி, சுத்திப் பெருசா மரச் சட்டம் அடிச்சி வச்சிருந்துச்சு. படத்துக்குப் போடுவாங்களே, அது. படம் கெடயாது. அது வயியா பாத்தா வெளிய நீங்கல்லாம் நின்னு கத்திக்கினு கீறது தெரியும். உங்களுக்கு எங்களத் தெரியாது. கால நீட்டிக்கினு உங்களப் பாத்துக்கினே கெடந்தோம். அக்காவோட அம்மாவுக்கு அப்படியே தூக்கம் வந்துடுச்சு. எழுப்ப மனசு வரல."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ தாவணிய இழுத்து இழுத்து வுட்டுக்கினியே, அதுவும் பாத்தோம்."

சட்டத்துக்கு முன்னால் எல்லோரும் சமமாக நின்றோம் என்று நீ சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பாக்கள், செயலாளர், செல்வி, எல்லோரும் உன் படத்தில் இருந்தோம். உள்ளே விடவில்லை என்று கத்தியதுதான் படம். வாலுத்தனத்துக்கு நான் குத்தகை எடுத்தவன் என்று நினைத்திருந்தேனே, அக்கா.

மறுநாள் காலை, பலகையில் மறுபடியும் சுழி இல்லை. 'உறுப்பினர்கள் மட்டம்.' பசங்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். "மாமே, கைய குடு!" கொடுத்தேன். அதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் புதுப் பெயிண்ட்.

சரி. இவ்வளவு நேரம் உன்னிடமே அளந்துகொண்டிருக்கிறேன், நீயும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாய். முதல் தடவை சுரண்டியது நான் இல்லை. அன்றைக்குப் படியில் என்னைக் 'கலைஞனே' என்று கூப்பிட்டபோது உன் நக இடுக்கில் வெள்ளை எனாமல் இருந்தது. நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். என் பட்டத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனாய்.

இரண்டாவது தடவை நிஜமாகவே கிளம்பினேன். பால் பூத் திறக்கிற வேளை. கையில் பாதி பிளேடு. பலகைக்கு முன்னால் நின்றேன். எங்கோ நாய் குரைத்தது. ஆவடியின் முடிசூடா மன்னன் ஓடிவந்து போர்வைக்குள் புகுந்துகொண்டான். விடிந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. எங்கம்மா பால் தூக்கை வைத்துவிட்டு, அடுப்படியில் மண்ணெண்ணெய்த் துணியால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா அது வெள்ளயா?"

"இட்லி மாவு" என்றாள்.

இன்று சாயங்காலம் கடைக்குப் போய்வந்தவள், புதுப் பலகை காய எத்தனை நாள் ஆகும் என்று என்னைக் கேட்டாள். பெரிய ஆள் மாதிரி, ரெண்டு நாள் ஆகும் என்று சொன்னேன்.

அந்தப் பாதி பிளேடு என் ஜாமெட்ரி பாக்ஸிலேயே இருக்கிறது, அக்கா. ஒரு பொட்டு பெயிண்ட் படவில்லை. அதை வைத்துப் பென்சில்தான் சீவிக்கொண்டிருக்கிறேன்.